என்றும் பூப்பதும் என்றும் பூவாததும்

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் நால்வர் பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்றிருந்தோம். பூவிருந்தவல்லி என்னும் பெயரே மருவிப் பூந்தமல்லி ஆயிற்று என்பர். 11ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்து மலர் வளர்த்தவர் என்றும், அம்மலர்களைத் தொடுத்துக் காஞ்சி வரதருக்குச் சுமந்து சென்றவர் என்றும் வைணவ மரபு கூறும். பூவால் பெயர்பெற்ற ஊரில் பூவால் பெருமை பெற்ற ஓர் அடியவரை நினைத்தபடி, வெளிவட்டச் சாலையைப் பிடிப்பதற்காக மேற்கே நசரத்பேட்டைக்கு வந்து தேநீர்க்கடை ஒன்றில் நின்றோம். எதிரே மதிலோரத்தில், செங்கல் இடுக்கிலும் சல்லிக் குவியலிலும் வேர்விட்டு, நித்தியகல்யாணி இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக்கிடந்தது. எங்களுள் ஒருவர் குனிந்து ஒரு பூவைப் பறித்தார். கடைக்காரப் பெரியவர், "அது சுடுகாட்டு மல்லி தம்பி, அதைப் போய் ஏன் பறிக்கிறீங்க?" என்றார்.

பறித்தவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் மகளுக்கு ஐந்து வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டபோது வாரந்தோறும் செலுத்தப்பட்ட மருந்து வின்கிரிஸ்டின். அது இச்செடியில் பிறப்பது. சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டபோது எழுதித்தரப்பட்டது பாக்லிடாக்செல். அது யூ எனப்படும் ஊசியிலை மரத்தில் பிறந்தது. முன்னது நம் வாசற்படி வரை வந்து நிற்கும் செடி. பின்னது இமயத்தில் அருகிவரும் மரம். ஒரே நோய்க்கு எதிராக மனிதன் கண்டெடுத்த இவ்விரு தாவரங்களின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அன்று அந்தக் கடைவாசலில்தான் எழுந்தது.

முதலில் இவற்றின் இயல்பைக் காண்போம். நித்தியகல்யாணி முழங்கால் உயரமே வளரும். விதைத்த சில மாதங்களிலேயே பூக்கும். பூக்கத் தொடங்கினால் நிறுத்துவதில்லை, பெயரே அதற்குச் சான்று. கசப்பு மிகுதியால் ஆடு மாடுகள் இதைத் தீண்டுவதில்லை. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கப்பல்களில் ஏறி வெப்பநாடுகள் எங்கும் பரவிவிட்டது. 1759ஆம் ஆண்டு லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். இன்று காதராந்தஸ் ரோசியஸ் என வழங்குகிறோம். இப்பேரினத்தின் எட்டு இனங்களுள் ஏழு மடகாஸ்கருக்கே உரியவை. எட்டாவது, வெண்ணிறச் சிறுபூ பூக்கும் ஒரு பூண்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. ஆக நம் வீட்டு முற்றத்தில் நிற்பது விருந்தாளி. அதன் உறவினர் ஒருவர் முன்பே இங்குக் குடியிருந்தார்.

யூ மரமோ ஒருநாளும் பூவாதது. ஊசியிலை மரங்கள் யாவும் அப்படியே. மலர் என்னும் உறுப்பு நிலவுலகில் தோன்றுவதற்கு முந்தைய மரபைச் சேர்ந்தவை அவை. யூவில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பெண்மரத்து விதையைச் சுற்றிச் சிவந்த சதைக் கிண்ணம் ஒன்று உருவாகும். அதைத் தவிர மரம் முழுதும் நஞ்சு. இமயத்தில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், பெருமரங்களின் நிழலில், அவசரமே இன்றி வளரும். கார்வால் மலைமக்கள் இதைத் தூனேர் என்பர். தமிழகத்தில் யூ இல்லை. நம் தென்மலைகளுக்கே உரிய ஊசியிலை மரம் நகேயா வாலிச்சியானா ஒன்றே. உதகையிலும் கொடைக்கானலிலும் நாம் காணும் பைன்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. இமயத்து யூவின் ஓர் இனத்துக்கும் டாக்சஸ் வாலிச்சியானா என்றே பெயர். கல்கத்தா தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த நத்தானியேல் வாலிச்சின் பெயரை வடமலையிலும் தென்மலையிலும் இரு ஊசியிலை மரங்கள் சுமந்து நிற்கின்றன.

யூ தமிழருக்கு முற்றிலும் அந்நியமும் அன்று. நாட்டுமருந்துக் கடைகளில் தாளிசபத்திரி கேட்டு வாங்கியவர்கள் நம் வாசகர்களுள் பலர் இருப்பர். இமயத்து அபீஸ் மரத்தின் இலையே தாளிசபத்திரி என இன்றைய மருந்துநூல்கள் கொள்கின்றன. ஆயினும் யூவின் இலையும் அப்பெயரால் விலைபோயிருக்கிறது. வடமலையின் இலை ஒன்று தென்னாட்டு இருமலுக்குச் சூரணமாக இறங்கி வந்த அந்தப் பழைய வணிகவழியை நாம் மறந்துவிட்டோம்.

இவ்விரண்டுக்கும் உள்ள மற்றொரு ஒற்றுமை எங்களை வியக்கவைத்தது. கடைக்காரப் பெரியவர் சொன்ன சுடுகாட்டு மல்லி என்னும் பெயர் தமிழகமெங்கும் வழங்குவது. இங்கிலாந்திலோ யூ என்றால் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்து மரம். இங்கே பராமரிப்பின்றி வளர்வதால் செடி இடுகாட்டை அடைந்தது. அங்கே நெடுநாள் வாழ்வதால் மரம் கல்லறைக்குக் காவலாக நின்றது. காரணங்கள் வேறு. எனினும் மரணத்தோடு சேர்த்து நினைக்கப்பட்ட இரு தாவரங்களே பின்னாளில் மரணத்தைத் தள்ளிப்போடும் மருந்துகளைத் தந்தன.

மருந்தாவதற்கு முன்பே யூ ஒருமுறை சூறையாடப்பட்டது. இடைக்கால இங்கிலாந்தின் நெடுவில் யூ மரத்தால் ஆனது. உள்நாட்டு மரம் போதாமல், துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தாம் கொணரும் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்தண்டுகளைச் சேர்த்துத் தரவேண்டும் என 1472ஆம் ஆண்டு சட்டமே இயற்றினார்கள். ஐரோப்பியக் காடுகளில் யூ அருகியது. துப்பாக்கி வந்து வில்லை ஒதுக்கிய பிறகே மரத்துக்கு மூச்சு வந்தது. பயன்மிக்க ஒன்று பயன் தீரும்வரை பிழைக்கவேண்டும் என்னும் அவலத்தை இம்மரம் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் சந்திக்க நேர்ந்தது.

இனி மருந்தின் கதை. 1952ஆம் ஆண்டு கனடாவின் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் நோபிளுக்கு, அவருடைய தமையனார் கிளார்க் நோபிள் வழியாக ஓர் உறை வந்தது. உள்ளே ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி அனுப்பிய நித்தியகல்யாணி இலைகள் இருபத்தைந்து. நீரிழிவுக்கு இவ்விலைத் தேநீர் அங்கே கைம்மருந்து. நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசிவழிச் செலுத்தியபோது எலிகள் தொற்றுநோயால் மடிந்தன. இரத்தத்தை ஆராய்ந்தால் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. தோல்வி என்று ஒதுக்கத்தக்க அம்முடிவில் அவர் வேறொன்றைக் கண்டார்: வெள்ளணுக்கள் வரம்புமீறிப் பெருகும் நோய்க்கு இது உதவாதா? வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த பொருளே வின்பிளாஸ்டின். 1958இல் அதை உலகுக்கு அறிவித்தபோது, அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவும் அதே செடியில் அதே திசையில் முன்னேறியிருந்தது தெரியவந்தது. தொடர்ந்து வின்கிரிஸ்டினும் கிடைத்தது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன், 1962 ஆகஸ்டில், அமெரிக்க வேளாண்துறையின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் பசிபிக் யூவின் பட்டையைச் சேகரித்தார். மரக் கம்பெனிகளின் கண்ணில் யூ குப்பை மரம்; டக்ளஸ் ஃபர் மரங்களை வெட்டியபின் எஞ்சிய சருகோடு சேர்த்து எரிக்கப்பட்டது. அந்தப் பட்டை வட கரோலினாவில் மன்ரோ வால், மன்சுக் வானி ஆகிய இருவரிடம் சென்றது. வானி 1925இல் இன்றைய மகாராட்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர்கள் பிரித்தெடுத்த பொருளுக்கு டாக்சால் எனப் பெயரிட்டு, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். எனினும் இருபதாண்டுகள் கழித்து, 1992 டிசம்பரில்தான் சினைப்பைப் புற்றுநோய்க்கான மருந்தாக அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

இவ்விரு மருந்துகளும் உயிரணுவில் செய்யும் வேலையை நசரத்பேட்டையை வைத்தே விளக்கலாம். வெளிவட்டச் சாலையை ஒட்டி அடுக்ககங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சாரம் கட்டுகிறார்கள், வேலை முடிந்ததும் பிரிக்கிறார்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போதும் நுண்குழல்களால் ஆன சாரம் ஒன்று எழும். மரபுப் பொருளை இருபுறமும் பகிர்ந்தளித்தபின் கலையும். நித்தியகல்யாணியின் மருந்து சாரத்தைக் கட்டவிடாது. யூவின் மருந்து கட்டிய சாரத்தைப் பிரிக்கவிடாது. 1979இல் நியூயார்க்கின் சூசன் ஹார்விட்ஸ் இவ்வுண்மையை வெளியிட்டபோது, அதுவரை எந்த மருந்திலும் காணாத செயல்முறை என்பதாலேயே கவனிப்பாரற்றுக் கிடந்த டாக்சால் மீண்டும் பேசப்பட்டது. கட்டினாலும் பிரித்தாலும் இரண்டும் உரிய காலத்தில் நிகழவேண்டும். ஒன்று தடைபட்டாலும் உயிரணு பெருகாது.

இனி, எங்கள் ஒப்பீட்டின் மையத்துக்கு வருவோம். செடி மலிவு, மரம் அரிது; ஆகவே செடியின் மருந்து எளிதில் கிடைத்தது, மரத்தின் மருந்துக்காக மரம் அழிந்தது என்றே நாங்களும் முதலில் எண்ணியிருந்தோம். கணக்கிட்டுப் பார்த்தால் கதை அவ்வளவு நேரானதன்று. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆனால் ஒருவேளை மருந்தின் உச்ச அளவு 2 மில்லிகிராமே. ஒரு கிராம் ஐந்நூறு வேளைக்கு வரும். ஆக ஒரு வேளைக்கு 4 கிலோ இலை. டாக்சாலோ ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 10 கிலோ பட்டையில் கிடைத்துவிடும். ஆனால் ஒருவேளைக்கு 300 மில்லிகிராம் அளவில் தேவைப்படும். ஆக ஒரு வேளைக்கு 3 கிலோ பட்டை. எடையளவில் இரு தாவரங்களும் நம்மிடம் கேட்ட விலை ஏறக்குறைய ஒன்றே!

வேறுபாடு, எதை எடுக்கிறோம் என்பதில் இருந்தது. 4 கிலோ இலை என்பது ஒரு மானாவாரி நிலத்தின் சிறு மூலை. அடுத்த பருவத்தில் அது மீண்டும் தழைக்கும். 3 கிலோ பட்டை என்பது நூறாண்டு வளர்ந்த ஒரு மரம். பட்டை உரிக்கப்பட்ட மரம் பிழைப்பதில்லை. ஒரு நோயாளியின் ஒரு வேளைக்கு ஒரு நூற்றாண்டு. அமெரிக்காவில் காட்டைக் காக்க நினைத்தோரும் நோயாளியைக் காக்க நினைத்தோரும் எதிரெதிரே நிற்கவேண்டிய நிலை வந்தது. 1992இல் பசிபிக் யூவுக்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதே அவ்வழக்கின் துயரம்.

அதைத் தீர்த்தது மீண்டும் இலைதான். பிரான்சில் பியேர் பொத்தியே என்னும் வேதியியலாளர் ஐரோப்பிய யூவின் இலையில் டாக்சாலின் முன்வடிவம் ஒன்று கிடைப்பதையும், அதிலிருந்து மருந்தைச் செய்துமுடிக்கலாம் என்பதையும் 1980களில் காட்டினார். இலையை மரம் மீண்டும் தரும், பட்டையைத் தராது. இதே பொத்தியே நித்தியகல்யாணியின் வேதிப்பொருள்களிலிருந்து வினோரெல்பின் என்னும் புதிய மருந்தையும் ஆக்கியவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இரு தாவரங்களின் வரலாறும் ஒரே மனிதரின் ஆய்வு மேசையில் வந்து கலந்தன. பின்னர் யூவின் உயிரணுக்களைப் பெருங்கலன்களில் வளர்த்தே மருந்தெடுக்கும் முறையும் வந்து, பசிபிக் யூ தப்பியது.

இமயத்து யூ தப்பவில்லை. இலையும் பட்டையும் வணிகப் பொருளாயின. எரிவிறகுக்கும் தீவனத்துக்கும் வெட்டுவதும் நிற்கவில்லை. சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் டாக்சஸ் வாலிச்சியானா இடம்பெற்றது. மேற்கு இமயத்து யூவான டாக்சஸ் கன்டோர்ட்டாவைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011இல் ஊறுபடத்தக்க நிலையிலிருந்து அழிவுறும் நிலைக்கு மாற்றியது. வானி பிறந்த நாட்டில், வானி கண்ட மருந்தே மரத்துக்குப் பகையானது.

நித்தியகல்யாணியின் வழி வேறு. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் வறண்ட நிலங்களில் அது பயிராயிற்று. மழை பொய்த்தாலும் தாங்கும், ஆடு மேயாது, வேலி வேண்டாம்; இலை ஒரு விலைக்கும், இரத்தக் கொதிப்பு மருந்துக்கான வேர் வேறொரு விலைக்கும் போகும். யாரும் திரும்பிப் பாராத செடி, கரிசல் உழவருக்கு அந்நியச் செலாவணிப் பயிரானது. அதன் மருந்து சென்னைக்கும் திரும்பி வந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, 1980களில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகியவற்றோடு இணைந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பொதுவான சிகிச்சைமுறை ஒன்றைப் பின்பற்றியது. 1984இல் உருவான அம்முறையின் முதற்கட்டத்திலேயே வின்கிரிஸ்டின் இருந்தது. அதற்குமுன் பெரும்பாலும் இழக்கப்பட்ட குழந்தைகளுள் கணிசமானோர் அதன்பின் பிழைத்தெழுந்தனர்.

மலிவு என்பது எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறதா? இல்லை. செடி மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதன் மருந்தால் வந்த செல்வத்தில் மடகாஸ்கருக்குப் பங்கு கிடைக்கவில்லை. எங்கும் பரவிவிட்ட ஒன்றுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை. 1992இன் பல்லுயிர் உடன்படிக்கையும், நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டமும், அச்சட்டத்தின் கீழ்ச் சென்னையில் அமைந்த தேசியப் பல்லுயிர் ஆணையமும் அக்கேள்வியின் பின்விளைவுகள் எனலாம். அன்றியும், 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்கே தட்டுப்பாடு வந்தது. செடிக்குப் பஞ்சமில்லை, செய்து விற்ற இரு நிறுவனங்களுள் ஒன்று நிறுத்திக்கொண்டது, மற்றொன்றால் ஈடுகொடுக்க இயலவில்லை. அரிய மரம் தன் அருமையாலும், மலிந்த செடி நம் அலட்சியத்தாலும் நோயாளியைக் கைவிடக்கூடும் என்பதே இதில் நாம் கற்றது.

இன்று அறிவியல் இரு தாவரங்களையுமே நம்பியிராத வழியைத் தேடுகிறது. 2022இல் நொதிச்சத்து எனப்படும் ஈஸ்ட்டைக்கொண்டு வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் ஆக்கிக் காட்டினர். 2024இல் சீன ஆய்வாளர்கள், டாக்சாலின் முன்வடிவமான பாகாட்டினைப் புகையிலை இனத்துச் சிறு செடியொன்றின் இலைக்குள் உருவாக்கினர். பூவாத மரம் ஒருநூறாண்டு சேமித்ததைப் பூக்கும் செடி ஒன்று சில நாட்களில் செய்யக் கற்றுக்கொண்டது. வணிக அளவுக்கு இவை வளரவேண்டும். வளர்ந்தால் இமயத்து யூவுக்கு வில்லின் காலத்துக்குப் பின் கிடைத்த மூச்சு மீண்டும் கிடைக்கலாம். ஆயினும் இன்னொரு கேள்வி எஞ்சும்: மருந்துக்கு வேண்டாத நிலையிலும் நாம் அம்மரத்தைக் காப்போமா? பயனுக்காகவே ஒன்றைக் காப்பவர்கள் பயன் தீர்ந்ததும் அதை மறப்பார்கள் என்பதற்குச் சருகோடு எரிக்கப்பட்ட பசிபிக் யூவே சான்று.

அன்று நசரத்பேட்டையில் கடைக்காரப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் சொல்ல நேரமில்லை. சுருக்கமாக, இதிலிருந்து குழந்தைகளின் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்றோம். அவர் செடியைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்படியா, இத்தனை நாளா வெந்நீர் ஊத்திக்கிட்டிருந்தேனே" என்றார். நண்பர் முற்றிய காய்கள் சிலவற்றைத் தாளில் மடித்து எடுத்துவந்து தம் மாடித் தொட்டியில் தூவினார். வைகாசியில் அவை பூத்துவிட்டன. அதே நாளில் இமயத்தில் ஒரு யூ விதை மண்ணில் விழுந்திருந்தால், அது முளைவிடவே ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு ஆகும். அதுவரை அந்த இடத்து மண் கலையாமல் இருக்கவேண்டும்.